பெட்டி நிறைந்திருந்த நாள்

வரும் திங்கட்கிழமை முதல் பட்டறையின் கருவிப் பெட்டிச் சாவி புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் மூவரிடமும் இருக்கும். நான் செண்டாயானில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறேன். அங்கே ஏர்கோன் இருக்கிறதாம். முப்பத்திரண்டு வயதில் வேலை மாறுகிறவள், ஓய்வு பெற்ற பெரியவர் மாதிரி உட்கார்ந்து புத்தி சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இந்தச் செம்பனைத் தோட்டத்தில் ஒன்பது ஆண்டுகள் இடம் மாறாமல் இருந்தவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ஒன்று எண்ணெய் ஆலையின் காவல் நாய். அது எழுதாது. ஆகவே நான் எழுதுகிறேன்.

ஸ்பேனர் பிடிப்பது எப்படி என்று சொல்லப்போவதில்லை. அதைப் பாலிடெக்னிக்கில் சொல்லியிருப்பார்கள். அவர்கள் விட்டதை மெக்கானிக் குணா அண்ணன் சொல்லுவார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவார். நான் சொல்ல வந்தது பெட்டியைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், பெட்டியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று நான் செய்த காரியங்களைப் பற்றி.

நான் வந்தபோது இதே சிவப்புப் பெட்டிதான். ஏழு இழுப்பறைகள். ஏழிலும் எல்லாமும் இருந்தன. சுத்தியலுக்குக் கீழே பிளையர், பிளையருக்குக் கீழே யாரோ கடித்து வைத்த கரிப்பாப் பலகாரம். குணா அண்ணன் திரும்பிப் பார்க்காமல் கையை விட்டால் பதினான்காம் நம்பர் ஸ்பேனர் வரும். வேறு யாராவது கையை விட்டால் ரத்தம் வரும்.

நான் பட்டியல் போட்டு வளர்ந்தவள். பள்ளிப் பைக்குள் என்னென்ன இருக்கிறது என்பதற்கே பட்டியல் வைத்திருந்தேன். இந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நாகரிகமாக விளக்க முடியாது. இரண்டு நாள் உட்கார்ந்து அடுக்கினேன். பெரியவை மேலே, சிறியவை கீழே. பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் நாள் சின்ன மேனேஜர் வந்தார். அவரிடம் காட்டுவதற்காக மேலே உள்ள மூன்று இழுப்பறைகளையும் ஒரே நேரத்தில் முழுதாக இழுத்தேன். அவற்றில்தான் சம்மட்டிகளும் பைப் ரெஞ்சுகளும் இருந்தன. பெட்டி மெதுவாக முன்னால் சாய்ந்து, மரியாதையாக அவர் காலில் விழுந்தது.

அவர் இரும்பு முனை வைத்த காலணி போட்டிருந்ததால் அவருடைய கால்விரல்களும் என்னுடைய வேலையும் தப்பின. குணா அண்ணன் சிதறியதையெல்லாம் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: “தங்கச்சி, மேனேஜருக்குக் கும்புடு போடறது நல்ல பழக்கம்தான். ஆனா பெட்டியைப் பழக்காதீங்க லா.”

கனமானவை கீழே போக வேண்டும் என்று அன்றைக்குக் கற்றேன். இந்த அளவுக்குப் புத்தி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் என்று நம்புகிறேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தவறு. அது தவறு என்று தெரிய இரண்டு மாதம் ஆனது. அதுவரை எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

ஒவ்வோர் இழுப்பறையிலும் தடித்த பஞ்சு அட்டை போட்டு, ஒவ்வொரு கருவியின் வடிவத்திலும் குழி வெட்டினேன். கருவி வெளியே இருந்தால் குழி காலியாகப் பல்லைக் காட்டும். எல்லாக் கருவிகளின் நுனியிலும் நீலப் பெயிண்ட் அடையாளம். மூடியின் உள்பக்கம் பட்டியல். வேலை முடியும் முன் நானே குழிகளைச் சரிபார்ப்பேன். இதுவரை குற்றமில்லை. இவையெல்லாம் இன்றும் இருக்கின்றன.

ஆனால் நான் ஒரு வெள்ளைப் பலகையும் மாட்டினேன். தலைப்பு: ‘இன்று காணவில்லை’. கீழே கருவியின் பெயர், அதைக் கடைசியாக எடுத்தவர் பெயர். மாட்டிய இடம் பட்டறையின் முன்சுவர். அந்தச் சுவருக்கு எதிரேதான் விடியற்காலையில் வேலைக்காரர்கள் எல்லாரும் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் பெரட்டு நடக்கிறது. நான் அதை யோசிக்கவே இல்லை. சுவர் வெறுமையாக இருந்தது, ஆணியும் இருந்தது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

ஒரு வாரத்தில் குணா அண்ணனின் பெயர் மூன்று முறை பலகையில் வந்தது. அதில் வியப்பில்லை, இந்தப் பட்டறையில் பாதி வேலையை அவர்தான் செய்கிறார். பெரட்டில் நின்றவர்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வரும்வரை படிப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் பலகையைப் படித்தார்கள். அவருக்குக் ‘காணோம் குணா’ என்று பெயர் வந்தது. பக்கத்து ஊரான லுக்குட்டில் மீன் வாங்கப் போன இடத்தில்கூட யாரோ “அண்ணே, மீன் பையில இருக்கா பாருங்க” என்று கேட்டார்களாம். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு பலகை வெறுமையாகிவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. தொடர்ந்து நாற்பத்து மூன்று நாட்கள். ஒரு குழிகூடக் காலி இல்லை. தினமும் பெட்டியைப் படம் எடுத்துப் பட்டறையின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். சின்ன மேனேஜர் கட்டைவிரலைக் காட்டினார். லுக்குட் இரும்புக் கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ரொம்ப அன்பாகச் சிரித்தார். பொதுவாகவே நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்து நான்காம் நாள் பிற்பகல். பழம் அதிகமாக விழும் மாதம் அது. அன்று காலை நான்கு வண்டிகளை வரிசையாகச் சர்வீஸ் செய்து அனுப்பியிருந்தோம்: இரண்டு டிராக்டர், ஒரு லோரி, பழக்குலைகளைக் கவ்வித் தூக்கும் ஒரு சின்ன வண்டி. பட்டறையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததால் இழுப்பறைகளில் படிந்த எண்ணெயைத் துடைக்கலாம் என்று ஒவ்வொரு ஸ்பேனராகக் கையில் எடுத்தேன். பதினேழாம் நம்பர் வந்தது. நுனியில் நீலம். சரி. வெளிச்சத்தில் திருப்பினேன். நீலம் மினுமினுத்தது.

நாங்கள் வாங்கியது கதவுக்கு அடிக்கும் சாதாரணப் பெயிண்ட். அதில் ஜிகினா கிடையாது.

இன்னும் ஒரு விஷயம். அன்று காலை ஏழு மணிக்கு அதே பதினேழை நானே எடுத்துக் கொடுத்திருந்தேன். எங்கள் ஸ்பேனரின் விளிம்பில் பழைய காயம் ஒன்று உண்டு. கையில் இருந்ததில் கீறல்கூட இல்லை. அப்படியானால் எங்கள் பதினேழு அன்று காலைக்கும் இந்த நேரத்துக்கும் நடுவில் எங்கோ போயிருக்கிறது. அந்த நேரத்தில் அது போகக்கூடிய இடங்கள் நான்கு. நான்கும் சக்கரம் வைத்தவை. நான்கும் ஓடிக்கொண்டிருந்தன.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடங்களை நான் வீணாக்கினேன். எல்லோரையும் கூப்பிட்டு ஸ்பேனரை உயர்த்திக் காட்டி, “இதை யார் வெச்சது?” என்று கேட்டேன்.

குணா அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுத்தமான கை.

“எல்லா சாமானும் இருக்குதானே தங்கச்சி,” என்றார் கடைசியில். “பெட்டி நெறஞ்சிதானே இருக்கு.”

“இது நம்ம சாமான் இல்லண்ணே.”

“சாமான் சாமான்தானே லா. பதினேழுன்னா பதினேழுதான்.”

வெல்டிங் பையன்கள் கூரையைப் பார்த்தார்கள். யார் என்று நான் மறுபடி கேட்டேன். அந்தக் கேள்வி கேட்கும்வரை எனக்குப் பதில் வராது என்பது எனக்கு உறைக்கவில்லை. ‘யார்’ என்பது என் பலகையின் கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் மறுநாள் பெரட்டில் என்ன நடக்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

அப்போது சின்ன மேனேஜர் வந்து விஷயத்தைக் கேட்டார்.

“ஒரு ஸ்பேனருக்காகவா மிஸ்? ஆலையில பழம் பத்தலன்னு என் உயிரை எடுக்கிறாங்க. வண்டியெல்லாம் வந்த பெறகு பாத்துக்கலாம்.”

“வண்டி வந்தா பாத்துக்கலாம் சார். வரலன்னா?”

“வடிகால்ல விழுந்திருக்கும். எல்லாச் சாமானும் அங்கதான் போகுது.”

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். இந்தப் பட்டறையின் வடிகாலில் ஒரு சின்னக் கடையே நடத்தலாம். என்னிடம் இருந்ததெல்லாம் மினுமினுக்கும் ஒரு ஸ்பேனர் மட்டுமே. வண்டிகளை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது, எனக்கு இல்லை. நான் வெளியே போய்க் கைப்பேசியை எடுத்தேன். அனுமதி கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார். கேட்காவிட்டால் பிறகு திட்டுவார். பிறகு என்று ஒன்று இருக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

லோரிக்காரர் சாலையோரத்தில் நிறுத்துவதாகச் சொன்னார். எப்படியும் கோப்பி குடிக்கத்தான் ஒதுங்கியிருந்தார். கவ்வும் வண்டி டயர் பஞ்சராகிக் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு டிராக்டர் ஆலை வாசலில் எடை போடக் காத்திருந்தது. மிச்சம் ஒன்று. அதை ஓட்டுபவரை எல்லோரும் ஸ்பீடு அண்ணன் என்போம். அவரை மாடு முந்திப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அவர் மேட்டு பிளாக்கில் இருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அந்த டிராக்டருக்குத்தான் காலையில் பிரேக் வேலை பார்த்தோம்.

மேட்டு பிளாக் பாதையை நாளைக்கே போய்ப் பாருங்கள். செம்மண் சரிவு, நடுவில் ஒரு வளைவு, வளைவுக்கு வெளியே ஓடை. பிற்பகலில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்கள் வேலை முடிந்து பழ வண்டியிலேயே ஏறிக் கீழே வருவார்கள். ஏறக்கூடாது என்று வண்டியிலேயே பலகை இருக்கிறது. அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள்.

அவர்களின் மண்டோர் செல்வி அக்கா. அவருக்கு அடித்தேன். நாலாவது மணியில் எடுத்தார்.

“என்னாம்மா, சொல்லு. ஏறிக்கிட்டு இருக்கோம்.”

“அக்கா, ஸ்பீடு அண்ணனைக் கிளம்பச் சொல்லாதீங்க. எல்லாரையும் எறக்குங்க.”

“ஏன்? மழை வருதும்மா.”

“பிரேக்குக்குப் பக்கத்துல ஸ்பேனர் விழுந்து மாட்டியிருக்கலாம்.”

“இருக்கலாமா, இருக்கா?”

நான் வாயைத் திறந்தேன். நாற்பத்து மூன்று நாட்களாகத் தினமும் ‘எல்லாம் சரி’ என்று படம் போட்டவள் நான். சரியாகத் தெரியாத ஒன்றுக்காக மழையில் பத்துப் பெண்களை இறக்கி, ஸ்பேனர் வடிகாலில் கிடந்தால், அடுத்த பெயர் எனக்குத்தான் வரும். அதுவும் மனதில் ஓடியது. மறைக்க ஒன்றுமில்லை.

“தெரியலக்கா,” என்றேன்.

“தெரியலையா?”

“தெரியல.”

“தெரியலன்னா எறங்கறோம்,” என்றார். போனை வைக்காமலே கத்தினார்: “ஏய், எறங்குங்கடி எல்லாம். யோவ் ஸ்பீடு, சாவியைக் குடுய்யா. குடுய்யான்னா.”

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பின்னால் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். குணா அண்ணன். கையில் ஒரு ஸ்குரூ டிரைவர். செம்பனை வரிசைக்குள் நுழைந்த பிறகு என் முதுகைப் பார்த்துச் சொன்னார்:

“கால் தட்டுக்கு அடியில பாருங்க தங்கச்சி. பிரேக் கம்பி போற எடம். அங்கதான் கடைசியா பதினேழு புடிச்சேன். ஒண்ணு பின்னால ஒண்ணா வண்டி வரிசையா நின்னுச்சி. தட்டை மூடிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்.”

“அப்பறம்?”

“பத்து மணிக்குத் தேடுனேன், இல்ல. கூடையில இருந்து ஒண்ணு எடுத்து வெச்சிட்டேன்.”

“கூடையிலயா?”

“மோட்டார் கூடையில ஸ்டாக் இருக்கு. பத்தாம் நம்பர் ரெண்டு, பன்னெண்டு ஒண்ணு, பதினேழு மூணு. பதினேழுதான் அடிக்கடி ஓடிப்போகுது.”

“ஜிகினா?”

“பெயிண்ட் டின்னு காஞ்சி போச்சி. மக கிட்ட நெயில் பாலிஷ் இருந்துச்சி. அவதான் பூசிக் குடுத்தா. ரெண்டு கோட்டு.”

வேறு நேரமாக இருந்தால் மோட்டாரை நிறுத்திச் சிரித்திருப்பேன்.

“ஏண்ணே சொல்லல? பத்து மணிக்கே சொல்லியிருந்தா.”

“எங்க சொல்றது? பெரட்டுல என் பொண்டாட்டி நிக்கிறா. மச்சினன் நிக்கிறான். அவன்தான் காணோம் குணான்னு பேரு வெச்சவன், தெரியுமா? நீங்க அந்த போர்டை எழுதறதோட சரி. நின்னு படிக்கிறது நாங்க.”

மழை தொடங்கியிருந்தது. சறுக்காமல் ஓட்டுவதைக் கவனித்தேன்.

சரிவின் உச்சியில் டிராக்டர் நின்றிருந்தது, பின்னால் பழம் குவிந்த வண்டியோடு. முன்சக்கரத்துக்கு ஒரு பெரிய கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். பெண்கள் செம்பனைக்கு அடியில் பைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். சாவி செல்வி அக்காவின் இடுப்பில் செருகியிருந்தது. ஸ்பீடு அண்ணன் மட்டும் இருக்கையை விட்டு இறங்கவில்லை, கௌரவப் பிரச்சினை.

குணா அண்ணன் மண்டியிட்டுக் கால் தட்டைக் கழற்றினார். அடியில் இருந்தது. எங்கள் பதினேழு, விளிம்பில் பழைய காயத்தோடு. பிரேக் கம்பியை இழுக்கும் கைக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில் குறுக்கே கிடந்தது. மிதிக்கும்போதெல்லாம் அந்தக் கை ஸ்பேனரில் முட்டி நின்றிருக்கிறது; பிரேக் முழுதாகப் பிடிக்கவே இல்லை. முட்டிய இடம் புதுசாகப் பளபளத்தது. காலையிலிருந்து சமதரையிலும் ஏற்றத்திலும்தான் வண்டி ஓடியிருக்கிறது. அன்றைய முதல் இறக்கம் அதுதான்.

“ஒங்களுக்கு ஒண்ணும் தெரியலையாண்ணே?” என்று ஸ்பீடு அண்ணனிடம் கேட்டேன்.

“தெரிஞ்சிச்சி. பெடல் கல்லு மாதிரி நின்னுச்சி. குணா இந்தத் தடவை நல்லா டைட் பண்ணிட்டான்னு நெனச்சேன். சாயந்தரம் அவனுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுக்கலாம்னு இருந்தேன்.”

செல்வி அக்கா வளைவைப் பார்த்தார், ஸ்பேனரைப் பார்த்தார்.

“எடுத்தாச்சி, இல்ல? இனி ஓடுமா?”

“ஓடும்க்கா,” என்றார் குணா அண்ணன்.

“சரி. ஓட்டிக்கிட்டுப் போங்க. நாங்க நடந்தே வர்றோம்.”

பத்துப் பேரும் மழையில் நடந்து இறங்கினார்கள். ஸ்பீடு அண்ணன் அவர்களுக்குப் பின்னால் அவருடைய வழக்கமான வேகத்தில் வந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

மறுநாள் சின்ன மேனேஜர் அறிக்கை கேட்டார். என்னைப் பற்றியே எழுதிக் கொடுத்தேன்: பெட்டியைச் சரிபார்ப்பவர் குழிகளை எண்ணினார், கருவிகளைப் பார்க்கவில்லை. கருவி தொலைந்தால் சொல்ல முடியாதபடி ஒரு பலகையை மாட்டினார். சின்ன மேனேஜர் படித்துவிட்டு, “மெக்கானிக் பேரு இல்லையே மிஸ்?” என்றார்.

“பெட்டிக்குப் பொறுப்பு நான்தானே சார்.”

“ஸ்பேனரை விட்டது அவரு.”

“விடுவாரு சார். எல்லாரும் விடுவோம். விட்டுட்டேன்னு சொல்ல முடியாம பண்ணது யாருன்னுதான் எழுதியிருக்கேன்.”

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, அனுமதியில்லாமல் வண்டிகளை நிறுத்தியதற்கும் சேர்த்து. என் கோப்பில் இருக்கிறது. நல்ல தாளில் அடித்திருக்கிறார்கள்.

அன்றே பலகையைக் கழற்றினேன். பிறகு எல்லோரையும் வைத்துக்கொண்டு ஏழு இழுப்பறைகளையும் தரையில் கொட்டினோம். எங்களுடையவை அல்லாத கருவிகள் பதினொன்று. குணா அண்ணனுடையது ஐந்துதான். மற்ற ஆறையும் வைத்தவர்கள் கூரையைப் பார்த்த அந்த வெல்டிங் பையன்கள். இரும்புக் கடைக்காரரின் சிரிப்புக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. அவருடைய சிறந்த விற்பனைப் பிரதிநிதியாக நான் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்திருக்கிறேன்.

ஆகவே உங்களுக்கு. குழிகள் இருக்கட்டும், நீல அடையாளம் இருக்கட்டும், பட்டியலும் இருக்கட்டும்; பட்டியலை நான் என்றும் கைவிடமாட்டேன். ஆனால் பெட்டி காலியாக இருந்தால் கோபப்படாதீர்கள். காலிக் குழி உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறது. பல நாள் தொடர்ந்து எல்லாம் நிறைந்தே இருந்தால் அப்போது எழுந்து போய் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்று தொலைந்தால், எந்த வண்டி என்று முதலில் கேளுங்கள். வண்டி நின்ற பிறகு யார் என்று கேட்கத் தோன்றினால் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தோன்றாது.

சொல்வது சுலபம். இரண்டு வாரம் யாரும் எதையும் தொலைக்கவில்லை என்று சாதித்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் கருவிகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நான் மாறிவிட்டேன் என்று சொன்னதை யாரும் நம்பவில்லை என்பது தெரிந்தது. நம்ப வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

பிறகு ஒரு காலை. பெரட்டு கலையவில்லை. வரிசையில் எல்லோரும் நிற்கிறார்கள், குணா அண்ணனின் மனைவியும் மச்சினனும்கூட. சர்வீஸ் முடிந்த லோரி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. சின்ன மேனேஜர் கையைக் காட்டிப் போகச் சொன்னார். குணா அண்ணன் பெட்டியிலிருந்து நிமிர்ந்தார். பெரட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“பன்னெண்டாம் நம்பர் இல்ல,” என்றார் சத்தமாக. “நான்தான் எடுத்தேன். எங்க வெச்சேன்னு தெரியல.”

வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். சின்ன மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். காட்டிய கையைக் கீழே இறக்கினார்.

லோரிக்காரர் எஞ்சினை அணைத்தார். சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, “தேடுங்க. நான் பசியாறிட்டு வந்துர்றேன்,” என்று சொல்லிவிட்டுக் கென்டீன் பக்கம் நடந்தார்.